நடந்து போய் கேட்ட நிலம்

வணக்கம் நேயர்களே. "ஆன்மீகமும் சமூக நீதியும்"னு தலைப்பு குடுத்து பேச கூப்பிட்டிருக்காங்க. இந்த ரெண்டு வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல வந்தாலே நம்ம ஊர்ல ரெண்டு தரப்பும் முகம் சுளிப்பாங்க. சாமி கும்புடுறவங்க இதுல எதுக்கு அரசியல்னு கேப்பாங்க, போராட்டத்துல இருக்கவங்க பஜனை பாடியா கூலி உசந்துச்சுன்னு கேப்பாங்க. ரெண்டு கேள்வியும் நியாயம்தான். ஆனா நான் நாகப்பட்டினம் பக்கத்து ஆளு. எங்க பக்கம் பிரார்த்தனையையும் பத்திரப்பதிவையும் ஒரே ஆளுங்க செஞ்சதை பாத்து வளந்தவன், அதனால அதைத்தான் சொல்லப்போறேன்.

மொதல்ல நடையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். கேக்குறவங்கள்ல பாதி பேராவது வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ ஒரு தடவையாவது நடந்து போயிருப்பீங்க. ரெண்டாவது நாள் கால்ல கொப்புளம் வரும், மூணாவது நாள் யார் வீட்டு வாசல்ல தண்ணி குடுத்தாலும் வாங்கி குடிப்போம், அவங்க என்ன ஜாதி என்ன மதம்னு கேக்க மாட்டோம், கேக்குற தெம்பும் இருக்காது. வழியில மோர் குடுக்குறவர் நம்மள கும்புடுவாரு, நாம அவர கும்புடுவோம். வண்டியில போனா இது நடக்காது. இன்னொண்ணும் இருக்கு. நடந்து போனாத்தான் ஒரு ஊரு எப்படி அடுக்கி வெச்சிருக்குன்னு காலுக்கு தெரியும். தார் ரோடு எங்க முடியுது, கப்பி ரோடு எங்க ஆரம்பிக்குது, வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்க தெருவுக்கு ஏன் ஒத்தையடிப் பாதை மட்டும் இருக்குன்னு கார்ல போறவருக்கு கடைசி வரைக்கும் தெரியாது. நடையை நான் ஒரு ஆன்மீகப் பயிற்சின்னு சொல்றதுக்கு காரணம் இதுதான், திரும்பவும் இதுக்கு வருவேன்.

காந்தியோட சீடர் வினோபா பாவே கதை தெரிஞ்சவங்களுக்கு கூட அவரு ஏன் நடந்தாருன்றது தெரியாது. 1951-ல அவரு வார்தா பக்கத்துல பவுனார் ஆசிரமத்துல இருக்காரு. அப்போ அங்க ஒரு விரதம் எடுத்திருந்தாங்க, பணத்தையே தொடுறதில்லைன்னு. காய்கறி கூட தானே மண்வெட்டி புடிச்சு வெளைய வெச்சதுதான், உழ மாடு கூட கிடையாது. அந்த நேரம் பார்த்து ஹைதராபாத் பக்கத்துல சிவராம்பள்ளியில சர்வோதய மாநாடு, அதாவது காந்தி வழிக்காரங்க கூடுற மாநாடு, நீங்க வந்தே ஆகணும்னு கூப்புடுறாங்க. பணம் தொடாத ஆளு ரயில் டிக்கெட் எப்படி எடுப்பாரு? நடந்தே வரேன்னு கெளம்பிட்டாரு, ஏறக்குறைய முன்னூறு மைல். மாநாடு முடிஞ்சதும் தெலங்கானா கிராமங்களுக்குள்ளயும் அப்படியே நடந்தாரு. அப்போ அங்க ஆயுதப் போராட்டம், ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் துப்பாக்கி தூக்குன விவசாயிங்க, ஜனங்க நடுவுல மாட்டிக்கிட்டு கெடக்குறாங்க. ஏப்ரல் 18-ம் தேதி போச்சம்பள்ளின்ற ஊருக்கு வர்றாரு. அங்க தலித் குடும்பங்கள் 40, எங்களுக்கு 80 ஏக்கர் கிடைச்சா பொழைச்சுக்குவோம்னு கேக்குறாங்க. அரசாங்கத்துக்கு எழுதிப் பாக்கலாம்னு மொதல்ல நெனச்சவரு, அப்புறம் கூட்டத்தை பாத்து இந்த ஊர்லயே யாராவது குடுக்க முடியுமான்னு கேட்டாரு. ராமச்சந்திர ரெட்டின்னு ஒருத்தர் எந்திரிச்சு நான் 100 ஏக்கர் தரேன்னாரு. பூதானம், அதாவது நிலம் இல்லாதவங்களுக்காக நிலத்தை தானமா கேட்டு வாங்குற இயக்கம், ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

இதுல என் மனசுல நிக்கிறது ரெட்டியோட தாராளம் மட்டும் இல்லைங்க. பணத்தை தொடாம இருந்து பாக்கணும்னு ஒரு மனுஷன் தன் சொந்த வாழ்க்கையில எடுத்த விரதம், அது அவர ரோட்டுக்கு கொண்டு வந்துச்சு, ரோடு அவர அந்த 40 குடும்பத்துக்கு முன்னாடி நிறுத்துச்சு. ரயில்ல போயிருந்தா போச்சம்பள்ளி அவர் கண்ணுலயே பட்டிருக்காது. அப்புறம் பதிமூணு வருஷம் நாடு பூரா நடந்தாரு, விடியறதுக்கு முன்னாடி கெளம்பி, சாயங்காலம் கூட்டத்துல எல்லாரையும் கொஞ்ச நேரம் மௌனமா உக்கார வெச்சு, அப்புறம்தான் ஆறுல ஒரு பங்கு நிலம் குடுங்கன்னு கேப்பாரு. 56, 57-ல நம்ம தமிழ்நாட்டுலயும் நடந்தாரு.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். 40 லட்சம் ஏக்கருக்கு மேல தர்றேன்னு வாக்கு வந்துச்சு, அதுல நிறைய நிலம் ஏழைங்க கைக்கு போகவே இல்ல. சிலது பாறை, சிலது கோர்ட் கேஸ்ல கெடந்தது, சிலது குடுத்தவரே திரும்ப புடிச்சுக்கிட்டது. மேடையில மனசு உருகி குடுக்குறது ஒரு நாள் வேலை. அளந்து, கல்லு நட்டு, பட்டா மாத்தி, மொத வெள்ளாமைக்கு வெதை வாங்கி குடுக்க ஒருத்தர் பல வருஷம் அங்கயே உக்காரணும். பிரார்த்தனை தாலுகா ஆபீஸ் வாசல் வரைக்கும் வரணும்னு நான் போற எடமெல்லாம் சொல்லிட்டு இருக்கேன், இங்கயும் சொல்றேன்.

அப்படி உக்காந்தவங்க யாருன்னா, எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் அய்யாவும். அந்தம்மா 1926-ல இப்போ திண்டுக்கல் மாவட்டத்துல இருக்க அய்யங்கோட்டையில, நிலமே இல்லாத தலித் குடும்பத்துல பொறந்தவங்க. அய்யா வசதியான குடும்பம், காந்தி கூப்பிட்டதும் காலேஜை விட்டவரு. சுதந்திர இந்தியாவுலதான் கல்யாணம்னு இருந்து 1950-ல பண்ணிக்கிட்டாங்க. அய்யா வடக்க போய் வினோபாவோட நடந்தாரு.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டதுக்காக, ஒரே குடிசையில ஒளிஞ்சிருந்த 44 பேரை, பெரும்பாலும் பொம்பளைங்களும் கொழந்தைங்களும், கொளுத்துனாங்க. 1973-ல ஹைகோர்ட் நிலக்காரங்களை விடுதலை பண்ணிடுச்சு. எங்க வீட்ல பெரியவங்க அந்த ஊர் பேரை சொல்லும்போது குரலை தாழ்த்திக்குவாங்க. சேதி கேட்டு எத்தனையோ தலைவருங்க வந்தாங்க, போனாங்க. இவங்க ரெண்டு பேரும் வந்து தங்கிட்டாங்க. ஊர் ஊரா நடை, உண்ணாவிரதம், சத்தியாகிரகம், ஜெயில். 1981-ல லாஃப்டின்னு, உழுறவங்களுக்கே நிலம் சேரணும்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. மிராசுதாரையும் கூலிக்காரங்களையும் ஒரே எடத்துல உக்கார வெச்சு விலை பேசி, பேங்க் கடன் வாங்கி, நிலத்தை பொம்பளைங்க பேர்ல எழுதுறது, அப்புறம் சேந்து வெவசாயம் பண்ணி கடனை அடைக்கிறது. இப்படி ஏறக்குறைய 13,000 குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் கணக்குல நிலம் வந்துச்சு. அந்தம்மா வள்ளலார் வழி, ஜோதி வழிபாடு. ஆணுக்கும் பொண்ணுக்கும் அழுத கண்ணு காஞ்சிருக்காத ஒரு ஊர்ல, பக்கத்துல இருக்கவன் மேல வெறுப்பு வராம இத்தனை வருஷம் வேலை செய்ய தினமும் எதையாவது புடிச்சுக்கணும், அவங்களுக்கு அது அந்த விளக்கு.

நானே கூட இருந்து பாத்த ஒண்ணு சொல்றேன், ஊர் பேரும் ஆள் பேரும் வேணாம். ஒரு நிலப் பேச்சுவார்த்தை, வேற ஒரு சின்ன குழு நடத்துனது. நிலக்காரர் வீட்டு வாசல்ல பந்தல் போட்டு பாய் விரிச்சிருந்தாங்க. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எல்லாரும் கண்ணை மூடி சும்மா உக்காரணும், இதுதான் நிபந்தனை. நிலக்காரருக்கு மொதல்ல இருப்பு கொள்ளல, துண்டை எடுத்து தோள்ல போடுறாரு, எறக்குறாரு. பாயோட ஓரத்துல ஒரு கெழவி, காலமெல்லாம் அந்த வீட்டு வயல்ல நாத்து நட்டவங்க, வெரல் நகமெல்லாம் சேத்துல கறுத்துப் போயிருக்கும். அந்த வீட்டு வாசல்ல அதுவரைக்கும் நின்னுதான் பேசியிருக்காங்க. மணி அடிச்சு எல்லாரும் கண்ணை தொறந்ததும் மொத ஆளா வாயத் தொறந்தது அவங்கதான், "போர்செட்டும் சேத்துத்தானே அய்யா வெலை?"ன்னாங்க. அதுலேர்ந்துதான் பேரமே ஆரம்பிச்சுது. வழக்கமா பேசுறவங்க அஞ்சு நிமிஷம் வாய மூடுனா, பேசாதவங்களுக்கு ஒரு எடம் கெடைக்குது. அந்த மௌனத்தை நான் அவ்ளோ நம்புறேன். கிராம சபையில, பீஸ் கமிட்டி கூட்டத்துல எல்லாம் இதை வெச்சுப் பாருங்கன்னு கேட்டுட்டே இருக்கேன், பைசா செலவு இல்ல.

உண்ணாவிரதம் பத்தியும் கொஞ்சம். 1947 செப்டம்பர் 1-ம் தேதி கல்கத்தாவுல இந்து-முஸ்லிம் கலவரம் திரும்ப வெடிச்சப்போ காந்தி சாப்பாட்டை நிறுத்துனாரு. 4-ம் தேதி முடிச்சாரு, அதுக்குள்ள கலவரம் பண்ணவங்களே ஆயுதத்தை கொண்டாந்து அவர் முன்னாடி போட்டாங்க. அவரு யாரை எதிர்த்தும் பட்டினி கெடக்கல, தன்னை நேசிச்ச ரெண்டு பக்கத்து ஜனங்களை பாத்து கெடந்தாரு, அதனாலதான் தைச்சுது. எதிராளியை மெரட்டுறதுக்கு பட்டினி கெடந்தா அதுவும் ஒரு விதமான கத்திதான்னு எனக்கு தோணும்.

நேரம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. இறால் பண்ணை போராட்டத்தைத்தான் விரிவா சொல்லணும்னு குறிச்சு வெச்சிருந்தேன், சுருக்கமா சொல்லிடுறேன். 90-கள்ல எங்க கடற்கரையில நெல்லு வெளைஞ்ச நிலத்தையெல்லாம் வாங்கி உப்புத் தண்ணி ஏத்தி இறால் வளத்தாங்க, பக்கத்து கெணறு, அடிபம்பு எல்லாம் உப்பு. மறுபடி அதே ரெண்டு பேரு, அதே நடை, அதே விரதம், கூடவே ஒரு ரிட் மனு. ஜெகந்நாதன் அய்யா பேர்லயே வழக்கு, 1996 டிசம்பர் 11-ல சுப்ரீம் கோர்ட் கடல் ஏத்தத்துல தண்ணி வந்து தொடுற கோட்டுலேர்ந்து 500 மீட்டருக்குள்ள இருக்க பண்ணைகளை மூடச் சொல்லுச்சு. அது முழுசா நடைமுறைக்கு வரல, 2005-ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புன்னு தனிச் சட்டம் கொண்டாந்து பண்ணைகளுக்கு வழி விட்டுட்டாங்க. இன்னைக்கும் எங்க பக்கம் பஸ்ல வந்தா ரெண்டு பக்கமும் அந்தக் குட்டைகளை பாக்கலாம், பக்கத்துலயே தண்ணி லாரிக்கு கொடம் வெச்சிருப்பாங்க. அந்த வழக்கு பத்தியும் அதுல முன்னாடி நின்ன பொம்பளைங்க பத்தியும் இன்னொரு நாள் வாய்ப்பு குடுத்தா பேசுறேன். கேட்டுட்டு இருந்த எல்லாருக்கும், நிலையத்துக்கும் நன்றி, வணக்கம்.