நல்லபடியாகக் குளிர்காலம் கழிகிறதா?

அனைவருக்கும் வணக்கம். மங்கோலியாவில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். வகுப்பறையைப் பற்றிப் பேசுவதைவிட, ஒரு ஜனவரி விடுமுறையில் அங்கே நாட்டுப்புறத்துக்குப் போய்வந்ததைச் சொல்கிறேன். என் மாணவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஏறத்தாழ 15 லட்சத்து 64 ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் 35 லட்சம் பேர் வாழும் நாடு அது. அதில் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரிலேயே இருக்கிறார்கள். அப்படியானால் மீதி நிலம் எவ்வளவு வெறிச்சென்று கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் பள்ளியில் கணக்கு எடுக்கும் தோழியின் பெற்றோர் அர்ஹாங்காய் மாகாணத்தில் மேய்ப்பர்கள். "ஊருக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் பக்ஷ்" என்றாள். ஆசிரியரை அங்கே பக்ஷ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

ஃபுர்கோன் என்று ஒரு ரஷ்ய வேன். 1965 முதல் பெரிய மாற்றமில்லாமல் செய்யப்படும் வண்டி. அதன் முன்பக்கத்தில் ஒரு தடித்த மெத்தையைக் கட்டியிருந்தார் ஓட்டுநர். இன்ஜினுக்குப் போர்வை. அவரை எல்லாரும் 'அஹ்' என்றார்கள், அண்ணன் என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மூச்சுக்காற்று கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படிந்துகொண்டே வந்தது. அண்ணன் ஒரு கையால் ஓட்டி, மறு கையில் பழைய பிளாஸ்டிக் அட்டையால் அதைச் சுரண்டிக்கொண்டே வந்தார்.

உலான்பாத்தரிலிருந்து மேற்கே லுன் என்ற ஊரைத் தாண்டி, கார்கோரின் நகரம் வரை சுமார் 360 கிலோமீட்டர். நல்ல தார்ச்சாலைதான். கணவாய்களில் 'ஒவோ' எனப்படும் கற்குவியல்கள், நீலப் பட்டுத் துணி சுற்றி நிற்கும். இறங்கினால் வலமாக மூன்று முறை சுற்ற வேண்டும். இறங்க முடியாத குளிரில் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். கார்கோரின்தான் செங்கிஸ் கானின் மகன் ஒகதாய் கான் 1235-ல் மதில் எழுப்பிய காரகோரம், பழைய மங்கோலியப் பேரரசின் தலைநகர். இன்று அங்கே 1585-ல் தொடங்கிய எர்தெனே ஸூ மடம் நிற்கிறது. அன்று வெயில் பளீரென்று அடித்தது. ஆனால் கையுறையைக் கழற்றிப் படமெடுக்க முயன்ற இரண்டாவது நிமிடமே போன் அணைந்துவிட்டது. அதற்குமேல் அங்கே பார்த்தது குறைவு.

செட்செர்லெக் நகரத்தைத் தாண்டித் தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். இருட்டியபின், ஒரு பள்ளத்தாக்கில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோலில் கலந்திருந்த கொஞ்சம் தண்ணீர் குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டது. வெளியே மைனஸ் 35 இருக்கும். எனக்குப் பயம் வயிற்றைக் கவ்வியது, மறைக்க ஒன்றுமில்லை. அண்ணன் பதறவில்லை. முதல் வேலையாக ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது உள்ளே உறைந்தால் இன்ஜினையே பிளந்துவிடும். அப்புறம் காற்றை மோந்து பார்த்தார். சாண எரிப்புப் புகை. "அந்தப் பக்கம் வீடு இருக்கிறது" என்று நடக்கத் தொடங்கினார்.

அரைமணி நேரம் நடந்தோம். மலைச்சரிவில், வடகாற்று படாத தெற்குப் பார்த்த மடிப்பில் ஒரு கெர் இருந்தது. வட்டமான கம்பளிக் கூடாரம். அங்கே கதவைத் தட்டும் வழக்கமில்லை. தூரத்திலிருந்தே "நோஹோய் ஹோர்!" என்று கத்த வேண்டும். "நாயைப் பிடியுங்கள்" என்பது அதன் பொருள். நாய் இல்லாத வீட்டுக்கும் அதே குரல்தான் அழைப்பு மணி. ஒரு பெண் வெளியே வந்து நாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். யார், எங்கிருந்து என்று கேட்கவே இல்லை. உள்ளே அனுப்பினார்.

நான் அடுப்பை ஒட்டிக் காலை நீட்டப் போனேன். அவர் என் முழங்காலைப் பிடித்துத் தள்ளி உட்காரவைத்தார். மரத்த காலை நெருப்பருகே கொண்டுபோகக் கூடாதாம். உப்பிட்ட பால் தேநீர் இரண்டு கையாலும் நீட்டினார், இரண்டு கையாலும் வாங்கினேன். பாதிக் கிண்ணம் குடித்த பிறகுதான் முதல் கேள்வி வந்தது. "சைஹன் உவுல்ஜிஜ் பைன் ஊ?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன். 'உவுல்' என்றால் குளிர்காலம். அந்தச் சொல்லையே அவர்கள் வினையாக்கிவிடுகிறார்கள். உழுகிறாயா, நெய்கிறாயா என்பதுபோல, "நல்லபடியாகக் குளிர்காலம் செய்கிறாயா?" என்று கேட்கிறார்கள். நமக்கு மழைக்காலம் வரும், போகும். அங்கே குளிர்காலம் மனிதர் செய்யும் வேலை. அன்றிரவு அந்தக் கூடாரத்தில் கண்ட ஒவ்வொன்றும் அந்த வேலையின் பகுதியாகவே எனக்குத் தெரிந்தது.

அடுப்பில் எரிந்தது 'அர்கல்'. நம் வறட்டிபோலத் தட்டியதல்ல. மேய்ச்சல் நிலத்தில் தானே காய்ந்த மாட்டுச் சாணத்தைக் கோடையெல்லாம் பொறுக்கிக் குவித்தது. தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதந்தது ஆற்றிலிருந்து வெட்டி வந்த பனிக்கட்டி. இறைச்சி, நவம்பர் குளிரில் அறுத்துச் சேமித்த 'இதெஷ்'. பட்டியில் ஆடுகளுக்கு அடியில் கிடந்த ஆண்டாண்டுக் காலச் சாணப் படிவம்தான் அவற்றுக்கு மெத்தை. காலையில் குதிரைகளை முன்னே விடுவார்களாம். அவை குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை வெளிக்கொணரும். ஆடுகள் பின்னால் போய் மேயும்.

வீட்டில் ஒரு பத்து வயதுப் பெண். ஆறு வயதிலிருந்து சோம் பள்ளியின் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சோம் என்பது நம் வட்டம்போல. விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆசிரியர் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'யெசன் யெஸ்', அதாவது 'ஒன்பது ஒன்பதுகள்' என்ற கணக்கை ஒப்பித்தாள். டிசம்பர் 22 வாக்கில் தொடங்கும் எண்பத்தொரு நாள் குளிர், ஒன்பது ஒன்பதாகப் பிரியும். முதல் ஒன்பதில் பால் சாராயம் உறையும். இரண்டாவதில் இருமுறை வடித்த சாராயமும் உறையும். மூன்றாவதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும். நான்காவதில் நான்கு வயதுக் காளையின் கொம்பு. "இப்போது நான்காவது" என்றாள். ஐந்தாவதில் வெந்த சோறு உறையாது. ஆறாவதில் பனி விலகிப் பாதை தெரியும். ஏழில் மேட்டின் தலை கறுக்கும். எட்டில் நிலம் நனையும். ஒன்பதில் இதமான வெயில். தெர்மாமீட்டர் தேவையே இல்லாத ஒரு கணக்கு.

பிறகு அவள் அறிவியல் புத்தகத்தைத் திறந்து கோள்களைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செவ்வாய் அங்காரக், புதன் புத், வியாழன் பர்ஹஸ்பதி, வெள்ளி சுகர், சனி சன்சிர். பௌத்தத்தோடு வடக்கே போன சமஸ்கிருதப் பெயர்கள். நம் பஞ்சாங்கம் சொல்லும் அங்காரகனையும் சுக்கிரனையும் அவள் வாயால் கேட்டேன்.

அவளுடைய அப்பா பேசியது கொஞ்சம்தான். அதில் ஒரு சொல் 'ஸுத்', கால்நடைகளைக் கூட்டமாகக் கொல்லும் கொடுங்குளிர்காலம். பனி ஆழமாக மூடினால் வெள்ளை ஸுத். பனியே பெய்யாமல் தண்ணீரில்லாமல் போனால் கறுப்பு ஸுத். உருகிய பனி மறுபடி உறைந்து புல்லை இறுக்கிக்கொண்டால் இரும்பு ஸுத். 2009-10 ஸுத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவருடைய தம்பி அந்த ஆண்டு மந்தையை இழந்து உலான்பாத்தரின் கெர் குடியிருப்புக்குப் போய்விட்டார். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்தக் குடியிருப்புகளிலிருந்துதான் வருகிறார்கள். காலையில் தூங்கி வழியும் பையனை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! அவன் விடியுமுன் அடுப்பு மூட்டி, தண்ணீர் நிலையத்திலிருந்து கேன் இழுத்துவந்துவிட்டு வந்திருப்பான். அவன் குடும்பம் நகரத்துக்குள்ளும் குளிர்காலத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அதை நான் கேட்டதே இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காலையில் அண்ணனும் வீட்டுக்காரரும் கெண்டி கெண்டியாக வெந்நீர் கொண்டுபோய்க் குழாயில் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். நான் பணம் எடுத்தேன். தோழி என் கையை அமுக்கினாள். "அடுத்த வாரம் இவர்கள் வண்டி எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கும்" என்றாள். பையிலிருந்த பேனாக்களையும் ஒரு நோட்டையும் அந்தச் சிறுமியிடம் கொடுத்தேன். அவளும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டாள்.

வண்டி நகரும்போது அந்தச் சிறுமியின் அம்மா ஒரு கிண்ணம் பாலோடு வெளியே வந்து, கரண்டியால் எங்கள் பக்கம் தெளித்தார். போகிறவர்களுக்கு அப்படித்தான் வழியனுப்புவார்கள். சில துளிகள் பின்கண்ணாடியில் விழுந்து, விழுந்த நொடியே உறைந்தன. திரும்பி லுன் வரும்வரை, வெள்ளைப் பொட்டுகளாக அவை அங்கேயே ஒட்டியிருந்தன.