கடனோடு வரும் வர்த்தகக் கொள்கை

நேயர்களுக்கு வணக்கம்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்பதை அந்தந்த நாட்டு நாடாளுமன்றம்தான் முடிவு செய்கிறது என்று நினைக்கிறோம். கடன்பட்ட நாடுகளில் பல நேரம் அப்படி நடப்பதில்லை. ஹைட்டியின் அரிசியைப் பார்த்தால் இது புரியும்.

கரீபியன் நாடான ஹைட்டி, 1980களின் தொடக்கம்வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் அதன் நெற்களஞ்சியம். 1986க்குப் பிறகு வரி குறையத் தொடங்கியது. 1995இல், நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன் திட்டத்தை ஒட்டி, அரிசி மீதான வரி வெறும் 3 சதவீதத்துக்கு இறங்கியது. அதே நேரம் அமெரிக்க அரிசி, அங்குள்ள அரசு மானியத்தின் பலத்தோடு கப்பலில் வந்து குவிந்தது. ஹைட்டி மக்கள் அதை 'மயாமி அரிசி' என்றார்கள். கைக்காசு போட்டு உரம் வாங்கி நட்டவரால் அந்த விலைக்கு எப்படி விற்க முடியும்? நிலத்தை விட்டுவிட்டுத் தலைநகருக்குப் போனவர்கள் ஏராளம்.

சரி, விலை குறைந்த அரிசி ஏழைக்கு நல்லதுதானே? கேட்க வேண்டிய கேள்விதான். நகரத்து ஏழைக்குச் சில காலம் அது கைகொடுத்தது உண்மை. ஆனால் 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியது. ஏற்றுமதி செய்யும் நாடுகள் சில, வெளியே அனுப்பக் கட்டுப்பாடு போட்டன. ஈடுகட்ட உள்ளூரில் போதுமான நெல் இல்லை. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் உணவுக் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின, பிரதமர் பதவி இழந்தார். 2010 மார்ச்சில் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், அமெரிக்க செனட் குழுவின் முன், ஹைட்டியின் அரிசி வரியைக் குறைக்க வைத்த அந்தக் கொள்கை தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு உதவியிருக்கலாம், ஆனாலும் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2003இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் நாடாளுமன்றம் இறக்குமதிக் கோழி மீதான வரியை 20லிருந்து 40 சதவீதமாக உயர்த்திச் சட்டம் போட்டது. இதற்கு மேல் வரி போடமாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்பில் கானா ஏற்றிருந்த உச்சவரம்பு 99 சதவீதம். அதாவது, வர்த்தக விதிப்படி இதில் துளிக் குற்றமும் இல்லை. ஆனால் பன்னாட்டு நிதியத்தோடு பேசியபின் அரசு அதைக் கிடப்பில் போட்டது. வர்த்தக விதி கொடுத்த இடத்தைக் கடன் பேச்சு பறித்துக்கொண்டது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

இப்படிக் கடன் தரும் நிதியத்தில் யார் சொல் எடுபடும்? ஒவ்வொரு கடனுக்கும் இல்லாவிட்டாலும், பங்குத் தொகையை மாற்றுவது போன்ற மிக முக்கிய முடிவுகளுக்கு அங்கே 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது வேண்டாம் என்றால் அப்படிப்பட்ட முடிவு எதுவும் நகராது. ஒரு நாட்டின் வாக்கு பெரும்பாலும் அது நிதியத்தில் வைத்திருக்கும் பங்குத் தொகையைப் பொறுத்தது; 2023 டிசம்பரில் உறுப்பு நாடுகளின் பங்குத் தொகையை 50 சதவீதம் உயர்த்த ஒப்புதல் தந்தார்கள். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் என்பதால், யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு அப்படியே நின்றது.

யாரும் கடன் தராத நேரத்தில் தருவது நிதியம்தான்; அதை நான் மறுக்கவில்லை. பணம் திரும்பி வருமா என்று அது பார்க்கட்டும், அரசின் வரவு செலவைக் கேட்கட்டும். உணவுப் பயிருக்கான இறக்குமதி வரியை மட்டும் கடன் பேச்சுக்குள் இழுக்கக் கூடாது. உலக வர்த்தக அமைப்பின் வரம்புக்குள் ஒரு நாடாளுமன்றம் போட்ட வரி நிலைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.