40 வாட் எங்கே போகிறது?

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடங்களுக்குள் கைப்பேசி லைன் கொண்டுவரும் வேலை என்னுடையது. கல்யாண மண்டபம் கட்டுபவர்களும் பழைய கடைவீட்டை இடித்து மூன்று மாடி கிளினிக் எழுப்புபவர்களும் கேட்பது ஒன்றுதான்: "வாசலில் லைன் நன்றாக இருக்கிறது, உள்ளே வந்தால் செத்துவிடுகிறது. சரிசெய்ய எவ்வளவு செலவாகும்? எவ்வளவு இடம் விட வேண்டும்?" கருவிகளுக்குத் தனி அறை, அதற்குத் தனிக் குளிர்சாதனம் என்று விலைப்பட்டியல் வந்ததும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த அறையில் நிற்பதில் பலவும் தேவையில்லாதவை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

லைன் ஏன் உள்ளே வருவதில்லை என்பது பலருக்கும் தெரிந்ததே. தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் மிச்சத்தைத் தடுக்கும். அதனால்தான் கூரைக்கடியில் சின்னச் சின்ன ஆண்டெனாக்களை வைத்து, கேபிளால் ஓர் அறையோடு இணைக்கிறோம். அந்த அறையில்தான் கைப்பேசி நிறுவனங்களின் ரேடியோ கருவிகள் நிற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கோபுரத்தில் வைப்பதற்காகச் செய்த ரேடியோ கருவி 40 வாட் சக்தியில் அலையை வெளியிடும். அதை உண்டாக்க அது இழுக்கும் மின்சாரம் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அலையை ஒளியாக்கி, ஃபைபர் என்ற கண்ணாடி இழை வழியே மாடிகளுக்கு அனுப்பும் கருவி கேட்பதோ வெறும் சில மில்லிவாட், அதாவது ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கு. அப்படியானால் மீதி எங்கே போகிறது? இரண்டுக்கும் நடுவில் அட்டெனுவேட்டர் என்ற ஒன்றை வைத்து அதை வெப்பமாக எரித்துவிடுகிறோம்! ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஃபைபருக்குள் போவதில்லை. அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடுகிறது. குளிர்சாதனத்துக்கு மின்சாரம், மின்சாரம் நின்றால் பேட்டரி, எல்லாவற்றையும் வைக்க ரேக் என்ற கருவி அலமாரி இன்னும் இரண்டு. காசு கொடுத்து உண்டாக்கியதைக் காசு கொடுத்தே அழிக்கிறோம். இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இதற்கு வழி இருக்கிறது. குறைந்த சக்தியில் அலை தரும் ரேடியோ கருவிகள் கிடைக்கின்றன. அப்புறம், ரேடியோ அலையாக மாற்றாமலே டிஜிட்டல் வடிவில் ஃபைபரில் நேரடியாக இணைக்கும் முறையும் உண்டு. அதற்கு இரண்டு பக்கத்துக் கருவிகளும் ஒத்துப்போக வேண்டும், எல்லாத் தயாரிப்பும் ஒத்துப்போகாது. ஒத்துப்போனால் அட்டெனுவேட்டரும் வேண்டாம், அதன் ரேக்கும் வேண்டாம். சக்தி குறைந்தால் இன்னொரு நன்மையும் சேர்ந்து வரும். நம் ஊர் ஈரக்காற்றில் இணைப்பிகள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த, தளர்ந்த இணைப்பில் பெரிய சக்தி பாய்ந்தால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகும். சிறிய சக்தியில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஆனால் 40 வாட் எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. நடுவில் மின்கருவியே இல்லாமல், தடித்த கேபிளும் அலையைப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் மட்டும் வைத்து ஒரே ரேடியோவிலிருந்து 32 ஆண்டெனாக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்தச் சக்தி தேவைப்படும். ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரிக்கும்போதும் பாதியாகும், கேபிளிலும் கரையும். கடைசியில் ஓர் ஆண்டெனாவுக்குச் சில பத்து மில்லிவாட் கிடைத்தால் போதும். நடுத்தர மண்டபத்துக்கு இந்த முறையே மலிவு. ஃபைபர் கருவியையும் வாங்கி, கோபுரக் கருவியையும் நிறுத்தி, நடுவில் எரிப்பதுதான் கூடாது.

5ஜி வந்தபின் கேபிள் விஷயத்தில் கவனம் தேவை. நம் மலேசியாவில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி, 700 மெகாஹெர்ட்ஸிலும் 3.5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குகிறது. அரை அங்குலக் கேபிளில் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை 100 மீட்டர் போனால் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பழைய ஸ்பிளிட்டர்கள் பல 2.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக வேலை செய்யாது. ஆகவே பழைய கட்டடத்தில் இருப்பதோடு 5ஜியைச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஸ்பிளிட்டர் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 3ஜி 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதன் கருவியை 4ஜிக்கு மாற்றியிருக்கிறார்களா, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

பெரிய மிச்சம் பகிர்வதில்தான். ஒவ்வொரு நிறுவனமும் தனி ஆண்டெனா, தனிக் கேபிள் என்று வந்தால் கூரை தாங்காது, உங்கள் பணமும் தாங்காது. ஒரே ஆண்டெனா வரிசை, ஒரே கேபிள், பல நிறுவனங்களின் அலைகளை ஒரே கேபிளில் சேர்க்கும் கம்பைனரில் எல்லோரும் சேர்வது என்று உரிமையாளர் நீங்கள்தான் பிடிவாதமாகக் கேட்க வேண்டும். 5ஜிக்குத் தொடக்கத்தில் ஒரே பொது வலைப்பின்னல்தான் இருந்தது. இரண்டாவதை அமைக்க 2024இல் யூ மொபைல் நிறுவனம் தேர்வானது. எனவே கம்பைனரில் இரண்டுக்கும் வாசல் இருக்க வேண்டும். ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், நம் ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஒரு ஏக்கர்கூட வாங்க முடியாத தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டத்தையே வாங்கினார்கள். சேர்ந்து வாங்குவது நமக்குப் பழகிய வழிதான்.

செலவைக் குறைக்கிறேன் என்று இணையத்தில், அலையைப் பெருக்கித் தரும் மலிவு ரிப்பீட்டர் வாங்கி மாட்டிவிடாதீர்கள். உரிய அனுமதி இல்லாத ரிப்பீட்டர் சட்டப்படி குற்றம். அது பக்கத்துக் கோபுரத்தையே குழப்பி, தெருவில் இருப்பவர்களின் லைனையும் கெடுக்கும். ஆம்புலன்ஸுக்கு 999 அழைக்கும் ஒருவரின் அழைப்பு அதனால் போகாமல் இருந்தால் யார் பொறுப்பு?

புதிதாகக் கட்டுபவர்கள் வரைபட நிலையிலேயே எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குழாய் விட்டு, அதில் ஃபைபரும் மின்கம்பியும் இழுக்க இடம் வையுங்கள். சுவர் பூசுவதற்கு முன்பு இது சின்னச் செலவு. பூசிய பிறகு உடைத்துப் போட்டால், கருவியில் மிச்சம் பிடித்த காசு கொத்தனாருக்கே போய்விடும்.

நன்றி, வணக்கம்.