ஸ்னோவும் ஒரு பென்சிலும்
(கனடா, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்தைத் தந்த நூலகத்தாரே, விடியக்காலையே எழும்பி வடை சுட்டுக் கொண்டுவந்த தாய்மாரே, பஸ் பிடித்து ஸ்னோவுக்குள்ளால் நடந்துவந்த ஐயாமாரே, அம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்கள் சொல்லப் போகிறேன். குளிர்காலத்தில் வெளியே போய் எதைப் பார்ப்பது, திரும்பி வந்து அதைக் கொப்பியில் எப்படி எழுதுவது, எழுதியதைப் பேரப்பிள்ளைகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவது.

யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவில் டிசம்பர் 21இல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. மனம் சோர்வது உங்கள் குற்றமல்ல. வெளிச்சம் குறைந்தால் உடம்பு அப்படித்தான் செய்யும். இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் கெட்டால் குடும்ப வைத்தியரிடம் போங்கள், கொப்பி மருந்தாகாது. ஆனால் சாதாரண வாட்டத்துக்கு அது நல்ல துணை. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்றார்கள். குளிர்காலத்தைக் கழிப்பதும் ஒரு கைப்பழக்கம்தான்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர். அங்கே வில்சன் பென்ட்லி என்ற பண்ணைப் பையன், தாயார் கொடுத்த நுண்ணோக்கியில் ஸ்னோ துகளைப் பார்த்தான். ஆறு கை! பார்த்ததைக் கீற உட்கார்ந்தான். கீறி முடிக்குமுன் உருகிப்போனது. அடுத்த துகள், அதுவும் உருகியது. குளிர்காலம் குளிர்காலமாக இதே பாடு. கடைசியில் நுண்ணோக்கியோடு கமராவைப் பொருத்தி, நெருப்பே மூட்டாத கொட்டிலில் நின்றான். கறுப்புத் தட்டில் ஸ்னோவை ஏந்தி, நல்லதொன்றைத் துடைப்பத்து ஈர்க்கால் தூக்கி, கண்ணாடியில் வைத்து, இறகால் மெல்ல அமத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுத்தான். 1885 ஜனவரி 15இல் முதல் படம் விழுந்தது. வயது 19! 1931இல் இறக்கும்வரை எடுத்தவை 5,000க்கு மேல். சித்திரமும் கைப்பழக்கம் என்பது இதுதானே!

நீங்களும் செய்யலாம். கறுப்புத் துணித்துண்டொன்றைக் கால்மணி நேரம் வெளியே குளிர வையுங்கள். வீட்டுச் சூட்டோடு கொண்டுபோனால் துகள் பட்டவுடன் உருகும், மூச்சு பட்டாலும் உருகும். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி போதும். மறை 15 பாகை செல்சியஸ் அளவில் விரிந்த நட்சத்திரங்கள் கிடைக்கும். மறை 5 பாகையில் ஊசிகள்தான். பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் வெறும் ஈரக்கட்டி.

ஸ்னோ இல்லாத நாளில் சிக்கடிக் குருவியைக் கேளுங்கள். ஆபத்து கூடக்கூட ‘சிக்கடி-டீ-டீ’ என்ற அதன் குரலில் கடைசி ‘டீ’க்களும் கூடும். எத்தனை டீ என்று எண்ணுங்கள்.

இனி எழுத்து. பேனை வேண்டாம், குளிரில் மை இறுகிவிடும். பென்சில் போதும். கொப்பி உட்பையில் இருக்கட்டும். திகதி, நேரம், வெப்பநிலை, காற்று, பிறகு கண்ணால் கண்ட மூன்று விஷயம். மனதில் பட்டது கடைசி வரியில் வரட்டும். கவலையிலேயே தொடங்கினால் பென்சிலும் அதையே சுற்றிச் சுற்றி வரும். நேற்றைய பக்கமும் இன்றைய பக்கமும் ஒன்றாகிவிடும். கண்டதில் தொடங்கினால் பக்கம் நகரும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததையும் எழுதினார், மனக்குறையையும் எழுதினார்.

ஆனால் ஐயா, பார்க்கப் போக வழி வேண்டாமா? பூங்கா வாசலில் ‘குளிர்காலப் பராமரிப்பு இல்லை’ என்ற பலகை. பகலில் உருகி இரவில் உறைந்த கண்ணாடி ஐஸ். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் குளிர்காலமே போய்விடும். நகரசபை உறுப்பினர் அவர்களே, எல்லாப் பாதையையும் கேட்கவில்லை. பஸ் தரிப்பிலிருந்து ஓடைக்கரை இருக்கைவரை ஒரேயொரு பாதையைத் துப்பரவாக்கி மணல் தூவுங்கள்.

அதற்கும் இந்தக் கொப்பிதான் சாட்சி. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த வளைவில் ஐஸ் என்று எழுதுங்கள். அதைப் பார்த்தபடியே நகரசபையின் முறைப்பாட்டு எண் 311க்கு அழையுங்கள். ‘எப்போதும் வழுக்குது’ என்றால் பதிவு நிற்காது. ‘செவ்வாய் காலை 9.40, பாலத்தடி’ என்றால் நிற்கும். செந்தமிழும் நாப்பழக்கம், முறைப்பாடும் நாப்பழக்கம்!

பேரப்பிள்ளைகள் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். பின்மேசையில் கொப்பியும் பென்சிலும் இருக்கின்றன, பக்கத்தில் பாதைக்கான மனு. வடை எடுக்குமுன் கையெழுத்துப் போடுங்கள், எண்ணெய் பட்டால் தாள் பழுதாகிவிடும்.