ஒரே பெயரில் தொலைந்துபோன ஆட்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரே பெயரைப் பல பெரியவர்கள் தாங்கியதால் வரலாறு பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது தலைப்பு. இழந்ததே அதிகம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங்கைக் காட்டி, பெரியவர் பெயரைத் தாங்கினால் அந்தப் பெருமையும் கூடவே வரும் என்றார். இரண்டு வின்ஸ்டன் சர்ச்சில்கள் கடிதம் எழுதிக்கொண்ட கதையைச் சொல்லி, பெயர் ஒற்றுமை நட்பை வளர்க்கும் என்றார். கடைசியாக, குழப்பம் வந்தால் ஓர் அடைமொழி போதுமே, இதில் என்ன இழப்பு என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வேலையிலிருந்து ஒரு சம்பவம்.

நான் நூலகத்தில் நூற்பட்டியல் போடுகிறவள். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் பழைய பட்டியலைக் கணினியில் ஏற்றினார்கள். எலிசபெத் டெய்லர் என்று தட்டினேன். திரையில் நடிகையின் படம் வந்தது. அவருடைய வாழ்க்கை வரலாறு வந்தது. அதற்குக் கீழேயே, அவர் எழுதியவை என்று ஏழெட்டு நாவல்களும் வந்தன. அந்த நாவல்களை எழுதியவர் வேறு ஒரு எலிசபெத் டெய்லர். 1912-ல் பிறந்து 1975-ல் மறைந்த ஆங்கில எழுத்தாளர். பன்னிரண்டு நாவல்கள் எழுதியவர். அதில் ஒன்று 1971-ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. டெய்லர் என்பது அவருக்குத் திருமணத்தால் வந்த பெயர். அவருடைய முதல் நாவல் 1945-ல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியில்தான் பன்னிரண்டு வயது எலிசபெத் டெய்லர் குதிரை ஓட்டும் பெண்ணாகத் திரையில் தோன்றி ஊரெல்லாம் பேச்சானார். ஒரு எழுத்தாளர் வாசலைத் திறக்கிற அதே நேரத்தில் அதே பெயரில் இன்னொருவர் உள்ளே நுழைந்துவிட்டார். நடிகைக்கு ரசிகர்கள் எழுதிய கடிதங்கள் இந்த அம்மாவுக்கு வந்தன. நீச்சலுடையில் படம் அனுப்பச் சொல்லி ஆண்கள் எழுதினார்கள். கவனமாக வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கிய ஒரு பெண்ணுக்கு வந்த தபால் அது.

அன்று நான் செய்தது சின்ன வேலை. பெயருக்குப் பக்கத்தில் 1912–1975 என்று போட்டேன். நாவல்களைப் பிரித்து அதன் கீழே சேர்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதுவரை எங்கள் நூலகத்தில் அந்த எழுத்தாளர் என்று ஒருவர் இல்லவே இல்லை, நடுவர் அவர்களே. புத்தகம் இருந்தது, எழுதியவர் இல்லை.

இது போன நூற்றாண்டுக் கதை. இப்போது கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் பின்னால் போவோம்.

கி.பி. 79. இத்தாலியில் மிசேனம் என்ற துறைமுகம். ரோமானியக் கடற்படைக்குத் தலைவராக அங்கே இருந்தவர் பிளினி. முப்பத்தேழு தொகுதிகளில் இயற்கை வரலாறு எழுதியவர். அவர் வீட்டில் அவருடைய தங்கையும், தங்கை மகனும் இருந்தார்கள். பையனுக்குப் பதினேழு வயது. மதியம் தாண்டிய நேரம், தங்கை வந்து, வானத்தில் விநோதமாக ஒரு மேகம் தெரிகிறது பாருங்கள் என்கிறாள். அடிமரம் நீண்டு, உச்சியில் கிளை விரித்த பைன் மரம் போல ஒரு மேகம். வெசூவியஸ் எரிமலை வெடித்திருந்தது. தாய்மாமன் கப்பலைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு மருமகனைக் கூப்பிடுகிறார், வருகிறாயா என்று. எனக்குப் படிக்கிற வேலை இருக்கிறது என்கிறான் பையன். மாமா போனார். கரையில் சிக்கிய மக்களைக் காப்பாற்றப் போனவர் ஸ்டேபியே கடற்கரையில் இறந்து கிடந்தார்.

மாமா தன் உயிலில் மருமகனைத் தத்தெடுத்திருந்தார். அதனால் பையனும் பிளினி ஆனான். பிற்காலத்தில் அந்த இரண்டாவது பிளினிதான், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டதற்காக, மாமா இறந்த அந்த நாளை இரண்டு கடிதங்களில் எழுதினார். எரிமலை வெடிப்பை நேரில் பார்த்தவர் எழுதிய சாட்சி என்று இன்றைக்கும் உலகம் படிப்பது அந்தக் கடிதங்களைத்தான்.

இடைக்கால ஐரோப்பாவில் என்ன ஆனது தெரியுமா? இரண்டு பிளினியும் ஒருவர் என்றே நினைத்தார்கள். ஓரிருவர் அல்ல, படித்தவர்கள் நினைத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெரோனா பேராலயத்தைச் சேர்ந்த ஜொவான்னி தே மாத்தோசீஸ் என்ற பாதிரியார் இரண்டு பிளினிகளைப் பற்றித் தனியாக ஒரு சிறு குறிப்பு எழுதி, இவர் வேறு அவர் வேறு என்று காட்ட வேண்டியிருந்தது. இருவரும் ஒருவர் என்று வைத்தால் அந்த வீட்டில் யார் மிஞ்சுகிறார்கள்? போகாமல் நின்ற பையன் காணாமல் போகிறான். மாமனை இழந்து, அந்தப் பெயரையே தன் பெயராகச் சுமந்து, இருபத்தைந்து வருடம் கழித்து அந்த மதியத்தை நினைத்து எழுதியவனின் துக்கம் காணாமல் போகிறது. மேகத்தை முதலில் பார்த்துச் சொன்ன தங்கை யாருக்கும் தங்கையாக இல்லாமல் போகிறாள். ஒரு குடும்பமே ஒரு பெயருக்குள் விழுந்துவிட்டது.

இங்கேதான் அடைமொழி வாதத்துக்குப் பதில் சொல்கிறேன். மூத்த பிளினி, இளைய பிளினி என்று நாம் சொல்கிறோம், சரி. ஆனால் அடைமொழி ஆளோடு பிறப்பதில்லை. யாரோ ஒருவர் பிற்பாடு அக்கறை எடுத்து ஒட்டுவது. ஒட்டினது உதிரவும் உதிரும். நம் சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சாத்தனார் என்று எழுதி விட்டுவிடவில்லை. சீத்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார் என்று ஊரைச் சேர்த்தார்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று எழுதியவர் ஊரையும் சேரியையும் உடம்பின் அடையாளத்தையும் சேர்த்து ஒரு புலவரைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தத் தொகுப்பாளரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஒரே பெயர் ஆபத்தானது என்று தெரிந்ததால்தானே அவ்வளவு மெனக்கெட்டார்கள்? எதிரணி மருந்தைக் காட்டி நோயே இல்லை என்கிறது.

அடைமொழியே தப்பான ஆள் மேல் ஏறியதும் உண்டு. வடிவியல் தந்த யூக்ளிட் அலெக்சாண்டிரியாக்காரர், கி.மு. 300-ஐ ஒட்டியவர். அவருக்கு நூறு வருடம் முன்னால் மெகாரா என்ற ஊரில் இன்னொரு யூக்ளிட் இருந்தார். சாக்ரடீஸின் மாணவர். மெகாராக்காரர் யாரும் ஏதென்ஸுக்குள் கால் வைத்தால் மரண தண்டனை என்றிருந்த காலத்தில், இருட்டியதும் பெண் வேடம் போட்டு, தலையில் முக்காடிட்டு, இருபது மைல் தாண்டி வந்து குருவின் பேச்சைக் கேட்டுவிட்டு விடிவதற்குள் திரும்புவார் என்று ரோமானிய எழுத்தாளர் ஜெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார். 1505-ல் வெனிஸில் அச்சான வடிவியல் நூலில் ஆசிரியர் பெயர் என்ன தெரியுமா? மெகாராவின் யூக்ளிட்! கணக்கு எழுதியவருக்கு ஊர் பறிபோனது. இரவில் நடந்தவருக்கு, உயிரைக் கொடுக்கத் துணிந்தது எதற்காக என்பதே பறிபோனது. 1572-ல் கொம்மாந்தினோ என்ற அறிஞர்தான் தன் பதிப்பில் அதைத் திருத்தினார்.

திருத்துவது எளிது என்று நினைக்காதீர்கள். பிரான்ஸில் பாரீஸ் நகரின் புனிதர் தெனி, மூன்றாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட ஆயர். தெனி என்றால் தியோனீசியுஸ்தான். ஏதென்ஸில் பவுல் மனம் மாற்றியதாக விவிலியம் சொல்லும் தியோனீசியுஸ் முதல் நூற்றாண்டுக்காரர். அந்த ஏதென்ஸ்காரர் பெயரில் கி.பி. 500-ஐ ஒட்டி யாரோ ஒருவர் ஆழமான இறையியல் நூல்களை எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் புனித தெனி மடத்தின் தலைவர் இல்துவேன் மூவரையும் ஒருவர் ஆக்கிவிட்டார். அப்புறம், 1121 வாக்கில் அதே மடத்தில் இருந்த அபெலார் என்ற மெய்யியலாளர், பழைய நூல் ஒன்றைக் காட்டி, நம் புனிதரைப் பற்றிச் சொல்வது ஒத்துவரவில்லையே என்றார். துறவிகள் கொதித்துவிட்டார்கள். அபெலார் இரவோடு இரவாக மடத்தை விட்டு ஓட வேண்டியிருந்தது. அந்த இறையியல் நூல்களை எழுதியவரின் சொந்தப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சரி, சர்ச்சில்களுக்கு வருவோம். எதிரணி சொன்னது உண்மை. 1899-ல் இளம் ஆங்கிலேயர் சர்ச்சில், அமெரிக்க நாவலாசிரியர் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் விஷயம் என்ன? நம் புத்தகங்களை வாசகர்கள் மாற்றி எடுத்துக்கொள்வார்கள், அதனால் இனி நான் நடுவில் ஸ்பென்சர் என்று சேர்த்துக் கையெழுத்திடுகிறேன் என்பதுதான். அந்த நாளில் அமெரிக்கர்தான் பெரிய பெயர், அவர் நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன. இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த அவையில் அந்த அமெரிக்கரின் ஒரு நாவலின் பெயரைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அவர் 1947-ல் இறந்தார். எதிரணியே அவரை இன்னொருவர் கதையின் துணைப் பாத்திரமாகத்தானே மேடைக்குக் கொண்டுவந்தது?

மார்ட்டின் லூதர் கிங். இந்த உதாரணத்துக்கு நான் தலைவணங்குகிறேன். 1929-ல் பிறந்தபோது அந்தக் குழந்தையின் பெயர் மைக்கேல். அப்பாவின் பெயரும் மைக்கேல். 1934-ல் ஜெர்மனிக்குப் போய்வந்த பிறகு அப்பா தன் பெயரையும் மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றினார். பதினாறாம் நூற்றாண்டு லூதரையும் இவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, பெயர் பெருமை சேர்த்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அப்பா எங்கே, நடுவர் அவர்களே? அவரும் மார்ட்டின் லூதர் கிங்தான். அட்லாண்டாவில் எபனேசர் தேவாலயத்தின் போதகர். 1968-ல் மகனைத் துப்பாக்கிக் குண்டுக்குக் கொடுத்தார். 1974-ல் அதே தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மனைவி ஆல்பர்ட்டாவையும் குண்டுக்குக் கொடுத்தார். 1984 வரை வாழ்ந்தார். மார்ட்டின் லூதர் கிங் என்று சொன்னதும் இந்த முதியவரின் முகம் நமக்குத் தெரிகிறதா? பெயரைத் தேடிக் கொண்டுவந்து மகனுக்குக் கொடுத்தவரே அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோனார்.

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். ஔவையார்.

நரைத்த தலை, கையில் கோல், நெற்றியில் திருநீறு. 1953-ல் கே.பி.சுந்தராம்பாள் திரையில் காட்டிய அந்த உருவம்தான் நம் எல்லோர் கண்ணிலும். ஆனால் அந்தப் பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்தவர் பல நூற்றாண்டு பிற்பட்டவர். இதற்குச் சாட்சி அந்தப் பிற்கால ஔவையின் நல்வழியிலேயே இருக்கிறது. அதன் கடைசி வெண்பா, குறளையும் மூவர் தேவாரத்தையும் திருவாசகத்தையும் திருமூலர் வாக்கையும் எண்ணிச் சொல்கிறது. இவ்வளவும் எழுதப்பட்ட பிறகு வாழ்ந்தவர் அஞ்சியோடு எப்படிப் பேசியிருக்க முடியும்? அதியமான் கொடுத்த நெல்லிக்கனியால் நூற்றாண்டு நூற்றாண்டாக வாழ்ந்தார் என்று நாம் கதை சொல்லிக்கொண்டோம். இரண்டு பெண்கள் புலவர்களாக இருந்தார்கள் என்று நம்புவதைவிட, ஒரு பெண் பல நூறு வருடம் வாழ்ந்தாள் என்று நம்புவது நமக்கு எளிதாக இருந்திருக்கிறது. எனக்கு இது வலிக்கிறது.

புறநானூற்றின் 89-ஆம் பாட்டைப் பாருங்கள். வேற்று நாட்டு அரசன் ஒரு பெண்ணிடம் கேட்கிறான், உங்கள் நாட்டில் போரிடும் வீரர் இருக்கிறார்களா என்று. அந்தப் பெண்ணை அவன் எப்படி அழைக்கிறான்? மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி கொண்ட விறலி, அதாவது ஆடிப்பாடும் கலைப்பெண் என்று. ஔவையார் தன்னையே சொன்னாலும் சரி, ஒரு விறலியின் வாயால் பேசினாலும் சரி, அந்தப் பாட்டில் கிழவி இல்லை. அணிகலன் பூண்ட இளம்பெண், ஓர் அரசன் முன்னால் நிமிர்ந்து நிற்கிறாள். பதில் சொல்கிறாள்: அடிக்கும் கோலுக்கு அஞ்சாத பாம்பு போன்ற இளம் வீரர்கள் இருக்கிறார்கள். அதுமட்டுமில்லை, மன்றத்தில் தொங்கும் முரசின் மேல் காற்று மோதி ஒலி எழுந்தாலே, இதோ போர் என்று எழுகிற என் தலைவனும் இருக்கிறான்.

அந்தக் குரலைத்தான் நாம் கோலூன்றிய பாட்டியின் வாயில் வைத்தோம். பாட்டியின் ஆத்திசூடியை எடுத்து இந்த இளம்பெண்ணின் கணக்கில் எழுதினோம். இருவரில் யார் முகத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த விறலியையும், ஸ்டேபியேவுக்குப் போகாமல் நின்ற பதினேழு வயதுப் பையனையும், எபனேசர் தேவாலயத்தின் முதிய போதகரையும் தனித்தனி ஆட்களாக இந்த அவையில் உட்காரவைத்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.