ஆசிரியர் பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுலயே நின்னுடுச்சு. ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில சேர்ந்திருக்கேன். அடுத்த மாசம் வகுப்பு ஆரம்பம். பள்ளிக்கூடம் முடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. இந்த ஒரு மாசத்துல என்ன படிச்சுட்டுப் போகணும்? எனக்குக் கணக்கு வேற சுமார்தான். ஆனா சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே, சமாளிச்சுடலாம்ல?"

அந்தக் கடைசி வரிதான் உறுத்துது. "சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே." பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கறவங்க, அவங்க கஷ்டப்பட்டுப் படிச்ச விஷயத்தை எடுக்கறாங்க. எங்க தடுக்கும், எங்க வழுக்கும்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்கும். நீங்க எடுக்கப்போறது உங்களுக்கு அஞ்சு வயசுல, ஆறு வயசுல வந்த விஷயம். எண்ணத் தெரியும், ஆனா எண்ணக் கத்துக்கிட்டது ஞாபகம் இல்ல. படிக்கத் தெரியும், எழுத்துக் கூட்டின நாள் ஞாபகம் இல்ல. அதனால இந்த ஒரு மாசம் புதுசா எதையும் படிக்க வேண்டாம். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதையே எடுத்து, பிரிச்சுப் பாருங்க.

எப்படிப் பிரிக்கறது? கணக்கு வராதுன்னு சொன்னீங்கல்ல, அங்கேயே ஆரம்பிப்போம்.

52ல 27 போனா எவ்வளவு? 25. சரி. ஒரு பிள்ளை 35னு எழுதியிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க? சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி போடுவீங்க. தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு தெரியும். அந்தப் பிள்ளை தப்பு போடல, வேற கணக்கு போட்டிருக்கு. என்ன கணக்கு? ஒன்றாம் இடத்துல 2 இருக்கு, கீழ 7 இருக்கு. "பெருசுல இருந்து சின்னதைக் கழி"ன்னுதானே சொல்லிக்குடுத்தாங்க? 7ல 2 போனா 5. பத்தாம் இடத்துல 5ல 2 போனா 3. ஆக 35. அது நம்ம சொன்ன விதியை அப்படியே பின்பற்றியிருக்கு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. பக்கத்துல இன்னொரு பிள்ளையும் 35னு எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதிடுச்சுன்னு நினைப்போம். இருக்காது. ரெண்டாவது பிள்ளை கடன் வாங்கியிருக்கு. 2ஐ 12 ஆக்கியிருக்கு, 12ல 7 போனா 5. ஆனா வாங்கின இடத்துல 5ஐ 4 ஆக்க மறந்துடுச்சு. 5ல 2 போனா 3. அதுவும் 35! முதல் பிள்ளைக்குப் பிரிக்கணும்ங்கிறதே தெரியல. ரெண்டாவது பிள்ளைக்குப் பிரிக்கத் தெரியும், பிரிச்சப்புறம் அங்க ஒண்ணு குறையும்னு மனசுல படல. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து குடுத்தா ஒருத்தருக்குக் கேக்காது.

அப்ப இதை எப்படிக் கண்டுபிடிக்கறது? கணக்கை மாத்திக் குடுக்கணும். 52 கழித்தல் 27 சோதிக்கறதுக்கு மோசமான கணக்கு. ஏன்னா 2க்கும் 7க்கும் வித்தியாசம் 5. எந்தப் பக்கம் போனாலும் 5 வந்து நிக்கும். 43 கழித்தல் 18னு மாத்தினாலும் அதே கதை, 3க்கும் 8க்கும் 5தான். 60 கழித்தல் 24 குடுங்க. சரியான விடை 36. பெருசுல இருந்து சின்னதைக் கழிக்கிற பிள்ளை 44னு சொல்லும். வாங்கிட்டுக் குறைக்க மறந்த பிள்ளை 46னு சொல்லும். "பூஜ்ஜியத்துல ஒண்ணுமே இல்லையே, ஒண்ணும் எடுக்க முடியாது"ன்னு அங்க பூஜ்ஜியத்தையே எழுதற பிள்ளை 40னு சொல்லும். ஒரே கணக்கு, மூணு பிள்ளையையும் தனித்தனியாக் காட்டிக்குடுத்துடுது. 1978ல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் இதைப் பத்தியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. பிள்ளைங்க கழித்தல்ல தவறறது கவனக்குறைவால மட்டும் இல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காப் பின்பற்றறதாலயும்தான்னு காட்டினாங்க. கம்ப்யூட்டர் நிரல்ல பிழையை என்ன சொல்லுவாங்க, "பக்". அதே பேரைத்தான் இதுக்கும் வச்சாங்க.

அந்த 'கடன் வாங்கறது'ங்கிற வார்த்தையையும் கொஞ்சம் யோசிங்க. கடன்னா திருப்பிக் குடுக்கணும். இங்க யாரு எப்பத் திருப்பிக் குடுக்கறா? விவரமான பிள்ளை இதைக் கேட்டுடும், அப்ப முழிக்கக் கூடாது. "பத்தைப் பிரிச்சு ஒன்றுகளா மாத்தறோம்"னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தை கூடத்தான், ஆனா நடக்கறது அதுதான்.

இதைக் குச்சி வச்சுக் காட்டணும். பத்துப் பத்தாக் கட்டின 5 கட்டு, உதிரி 2. அதுல 27 எடுக்கச் சொல்லுங்க. 7 உதிரி இல்ல. பிள்ளையே ஒரு கட்டோட ரப்பர் பேண்டைக் கழட்டும். அந்தக் கழட்டற நொடிதான் பாடம். 4 கட்டு, 12 உதிரி கண்ணு முன்னாடி கிடக்கும். நாலு பேர் ஒரு குழுன்னு வச்சா, 40 பேருக்கு 10 குழு. 520 குச்சி, 50 ரப்பர் பேண்டு. முந்தின நாளே எண்ணி, குழுவுக்கு ஒரு பையாப் போட்டு வைங்க. வகுப்புல வந்து எண்ணிக் குடுக்க ஆரம்பிச்சா உங்க நேரத்துல கால்வாசி அங்கேயே போயிடும். இன்னொண்ணு, என்ன செய்யணும்னு முதல்ல சொல்லி முடிச்சுட்டு அப்புறம் பையைக் குடுங்க. பையைக் குடுத்துட்டுப் பேசினா ஒரு காதும் உங்க பக்கம் இருக்காது, ரப்பர் பேண்டு பறந்துக்கிட்டு இருக்கும். புதுசா வர்ற மாணவ ஆசிரியர்கள் பெரும்பாலானவங்க தடுக்கி விழற இடம் இது. பாடக்குறிப்புல துணைக்கருவி: குச்சிகள்னு ஒரு வார்த்தை எழுதியிருப்பாங்க. எத்தனை, எப்ப, யார் கையில, எப்படித் திரும்ப வாங்கறதுன்னு எழுதியிருக்க மாட்டாங்க.

பாடக்குறிப்புன்னதும் ஞாபகம் வருது. நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கும். "மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்"னு எழுதுவாங்க. புரிஞ்சதை எந்தக் கண்ணால பாக்கறது? "பத்தை ஒன்றுகளாக மாற்ற வேண்டிய ஈரிலக்கக் கழித்தலைக் குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டிச் செய்வர்"னு எழுதுங்க. செஞ்சாங்களா இல்லையான்னு நின்ன இடத்துலேயே தெரிஞ்சுடும். காட்டுவர், வரிசைப்படுத்துவர், பிரிப்பர், படிப்பர்னு கண்ணால பாக்கக்கூடிய வினைச்சொல்லாப் போடுங்க. அறிவர், உணர்வர்னு போடாதீங்க.

கணக்கு மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. தமிழுக்கு வருவோம். 'பேனா'ன்னு சொல்லி எழுதச் சொல்றீங்க. ஒரு பிள்ளை எழுதினதைப் படிச்சா 'பனோ'ன்னு இருக்கு. மக்குன்னு சொல்லிடாதீங்க. என்ன நடந்துச்சுன்னு பாருங்க. காதுக்கு முதல்ல கேக்கறது 'ப்', அப்புறம்தான் 'ஏ'. பிள்ளை காது கேட்ட வரிசையிலேயே எழுதிடுச்சு. முதல்ல ப, அடுத்து இரட்டைக்கொம்பு, அப்புறம் ன, அப்புறம் கால். அந்தக் கொம்பு போய் ன-வோட ஒட்டிக்கிச்சு, பின்னாடி கால் இருக்கா, 'னோ' ஆயிடுச்சு. வழக்கம்போல சொல்றேன், தப்பு போடல, வேற கணக்கு போட்டிருக்கு. நம்ம எழுத்துல கொம்பு முன்னாடி நிக்கும், சத்தம் பின்னாடி வரும். அந்த முரண்பாடு நம்ம கண்ணுக்குப் பழகிப்போச்சு, அதனால தெரியறதில்ல. 'மெ, மே, மை' இந்த மூணையும் அட்டையில பெருசா எழுதி, கொம்பைத் தனி நிறத்துல போட்டு, 'ம'ன்னு எழுதின இன்னொரு அட்டைக்கு முன்னாடி கொம்பு அட்டையை வைக்கச் சொல்லிப் பழக்கினா சீக்கிரம் பிடிச்சுக்கும். நூறு தடவை இம்போசிஷன் எழுத வச்சா கை வலிக்கும், வரிசை மாறாது.

எழுத்தை எங்க ஆரம்பிக்கறதுங்கறதும் அப்படித்தான். அ-ல ஆரம்பிக்கறதுதான் முறைன்னு நினைக்கிறோம். 'அ'வை எழுதிப் பாருங்க, சுழி, வளைவு, கோடு, பென்சில் எத்தனை திசை திரும்புது! 'ட' எழுதிப் பாருங்க, ரெண்டு கோடு. 'ப' மூணு கோடு. அப்படியே 'ம'வுக்குப் போகலாம். ட, ப, ம, ட், ம்னு அஞ்சே எழுத்துல படம், மடம், பட்டம், மட்டம்னு நாலு வார்த்தை படிச்சுடும். பாட்டா 247 எழுத்தையும் ஒப்பிக்கற பிள்ளைக்கு ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாம இருக்கலாம். படிக்கிறதுன்னா என்னன்னு முதல் வாரத்துலயே தெரிஞ்ச பிள்ளை தானாவே மேல மேல கேக்கும்.

இன்னும் ஒண்ணு. நீங்க 'கடல், நகம், தங்கம்'னு மூணு வார்த்தை சொல்லிப் பாருங்க. க ஒரே எழுத்துதான், மூணு விதமா ஒலிக்குது. நீங்க கவனிச்சதே இல்லையா? ஆறு வயசுப் பிள்ளைக்கு அது கேக்குது.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். பயிற்சியில என்னென்ன வரும்? உளவியல் வரும். குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜே பேரு அடிபடும். பேரை மனப்பாடம் பண்றதைவிட அவரோட சோதனையை நீங்களே ஒண்ணு செஞ்சு பாத்துடுங்க. வீட்டுலயோ பக்கத்துலயோ நாலு, அஞ்சு வயசுக் குழந்தை இருந்தா, ரெண்டு வரிசையில ஆளுக்கு ஏழு பொத்தான் அடுக்குங்க. சமமான்னு கேளுங்க, சமம்னு சொல்லும். அது கண்ணு முன்னாடியே ஒரு வரிசையை மட்டும் அகலமாப் பரப்புங்க. இப்பக் கேளுங்க. பெரும்பாலும் நீளமான வரிசையிலதான் அதிகம்னு சொல்லும். எண்ணச் சொன்னா ரெண்டுலயும் ஏழுன்னு எண்ணும், எண்ணி முடிச்சுட்டும் "இதுதான் அதிகம்"னு சொல்லும். அன்னிக்கு உங்களுக்கு அந்தப் பாடம் புரிஞ்சுடும். திருத்தாதீங்க, பாக்கறதோட விட்டுடுங்க.

நுண்ணிலைக் கற்பித்தல்னு ஒண்ணு வரும். 1963ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச முறை. சில நிமிஷம், ஒரே ஒரு திறன், உங்க சக மாணவர்களே பிள்ளைங்களா உக்காருவாங்க. பாடம் நடத்தி, குறை நிறை கேட்டு, திருத்தி, மறுபடியும் நடத்தணும். இதுல என்ன கோளாறுன்னா, உக்கார்ற சக மாணவர்கள் எல்லாம் சரியாவே பதில் சொல்லிடுவாங்க. பாடம் வழுக்கிக்கிட்டுப் போயிடும். முன்னாடியே சொல்லி வைங்க, 60 கழித்தல் 24 கேட்டா ஒருத்தர் 44னு சொல்லட்டும், ஒருத்தர் 46னு சொல்லட்டும். அப்பத்தான் பயிற்சி.

கேள்வி கேக்கற திறன் எடுத்தீங்கன்னா, கேட்டுட்டு மூணு நொடி வாயை மூடிக்கிட்டு இருங்க. மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்ல வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்து பாத்தாங்க. ஆசிரியர்கள் சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்க. அதை மூணு நொடியா நீட்டினா பதில் நீளமாகுது, இதுவரைக்கும் பேசாத பிள்ளையும் பேசுது. மூணு நொடிதானேன்னு தோணும். 40 பேர் முன்னாடி நின்னு பாருங்க, மூணு யுகமா இருக்கும். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க.

கரும்பலகை இந்த ஒரு மாசத்துலயே பழகிடலாம். புது சாக்பீஸ்னா நுனியை ஒடிச்சுட்டு எடுங்க. நீளமாப் பிடிச்சு, பலகைக்கு நேரா செங்குத்தா வச்சு இழுத்தா அதிர்ந்து கீச்சுன்னு கத்தும். சாய்ச்சுப் பிடிங்க. மணிக்கட்டை மட்டும் ஆட்டாம தோளில இருந்து எழுதுங்க. நின்ன இடத்துல இருந்து கையை நீட்டினா வரி மலையேறும் இல்ல சறுக்கும். எழுத எழுத நீங்களும் நகருங்க. கடைசி வரிசையில போய் உக்காந்து உங்க எழுத்தை நீங்களே படிச்சுப் பாருங்க. அழிக்கும்போது மேல இருந்து கீழ நேரா இழுங்க, பொடி பறக்காது.

உற்றுநோக்கலுக்கு ஒரு வகுப்புல கொண்டுபோய் உக்கார வைப்பாங்க. "ஆசிரியர் நன்றாக நடத்தினார்"னு குறிப்பு எழுதாதீங்க, அதுல ஒண்ணும் இல்ல. ஒரு தாள்ல வகுப்பு உக்காந்திருக்கிற மாதிரி கட்டம் போட்டு, ஆசிரியர் எந்தப் பிள்ளையைக் கேக்கறாரோ அந்தக் கட்டத்துல ஒரு கோடு. அரை மணி நேரத்துல முன் வரிசையிலயும் நடுவுலயும் கோடு நிறைஞ்சு கிடக்கும், ஓரம் வெறுமையா இருக்கும். ஆசிரியரைக் குறை சொல்றதுக்கு இல்ல. நீங்க நின்னாலும் அப்படித்தான் இருக்கும். அதனால உங்க முறை வரும்போது சக மாணவர் ஒருத்தரை இதே தாளோட உக்கார வைங்க.

கணக்கு சுமார்னு பயந்தீங்களே, அதுக்கு இந்த மாசம் ஒரே ஒரு வேலை. 304ல 168 கழிங்க. 136னு போட்டுடுவீங்க. இப்ப ஏன் நடுவுல இருக்கிற பூஜ்ஜியம் 9 ஆச்சுன்னு ஒரு பிள்ளைக்குச் சொல்ற மாதிரி வாய்விட்டுச் சொல்லுங்க. கணக்குல நூறு வாங்கினவங்ககூட இங்க "அது அப்படித்தான்"னு நின்னுடுவாங்க. 10 சின்னக் கட்டைச் சேர்த்துக் கட்டினா ஒரு நூறு. அப்படி மூணு, உதிரி நாலு, மேஜையில வைங்க. 8 உதிரி வேணும், இல்ல. பத்துக் கட்டு ஒண்ணைப் பிரிக்கலாம்னா தனிப் பத்து ஒண்ணுகூட இல்ல. அப்ப ஒரு நூறைப் பிரிங்க, 10 பத்து கிடைக்கும். அதுல ஒரு பத்தைப் பிரிங்க. மேஜையில என்ன மிச்சம்? 2 நூறு, 9 பத்து, 14 உதிரி. அந்த 9 எங்க இருந்து வந்துச்சுன்னு உங்க கையே சொல்லும். குச்சி 304 வேணும், தீக்குச்சி போதும், மருந்தை மட்டும் கிள்ளிப் போட்டுடுங்க.

அடுத்த கேள்வி, பெருக்கல் வாய்ப்பாடு பத்தி ஒரு அப்பா கேட்டிருக்கார்...