ஸ்பீக்கரைத் துளை மாற்றிச் செருகினால் கிதார் ஆம்ப் ஏன் ஊமையாகிறது?

[காட்சி: பழைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பின் பின்புறம்]

விளக்கு எரிகிறது. ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் தணலாகக் கனிகின்றன. ஆறு தந்திகளையும் ஓங்கி மீட்டுகிறீர்கள். ஒரு முனகல்கூட இல்லை. இடுப்பொடிய ஆம்பைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். ஸ்பீக்கர் பிளக் எந்தத் துளையில் இருக்கிறது, பாருங்கள்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1963 முதல் தயாரான ஆம்ப் இது. வரலாறு போதும், பின்புறத்துக்குப் போவோம்.

[காட்சி: இரண்டு ஜாக்குகள், மிக அருகில்]

ஸ்பீக்கர் பிளக் நுழையும் இந்த இரண்டு துளைகள்தான் ஜாக்குகள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள், குணம் வேறு. முதன்மை ஜாக்குக்குள் கூடுதலாக ஒரு சிறு தகடு உண்டு. பிளக் இல்லாதபோது அது படிந்து, வெளியீட்டை நேராக ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸோடு இணைத்துவிடும். பிளக் நுழைந்ததும் விலகி வழிவிடும். பக்கத்திலிருக்கும் கூடுதல் ஸ்பீக்கர் ஜாக் அதோடு இணையாக இணைந்தது, அவ்வளவுதான். அதில் மட்டும் செருகினால் முதல் ஜாக்கின் தகடு படிந்தே கிடக்கும். ஸ்பீக்கருக்குப் போக வேண்டியதெல்லாம் தகடு வழியாகவே ஓடிவிடும்.

வேண்டுமென்றே ஷார்ட் செய்து வைத்திருக்கிறார்களா? ஆமாம்! எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இறுகிய கதவைத் தோள் கொடுத்துத் தள்ளுகிறீர்கள். உள்ளே இருப்பவர் சட்டென்று திறந்துவிட்டால் என்ன ஆகும்? குப்புற விழுவீர்கள். ஸ்பீக்கர் என்ற சுமையே இல்லாமல் ஓடும் வால்வு ஆம்பில், வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கும் அதே கதி. போக வழியில்லாத ஆற்றல் உயர் மின்னழுத்தமாகத் திரும்பி, சுருளின் காப்பைத் துளைத்துவிடும். அதைவிட ஷார்ட்டைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்வது மேல். டிரான்சிஸ்டர் ஆம்பில் எல்லாம் தலைகீழ்: ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை, ஷார்ட்தான் எமன். ஒரு வீட்டின் மருந்து அடுத்த வீட்டில் விஷம்!

சரியான ஜாக்கில் செருகியும் மௌனமா? தகடு வளைந்து, விலக மறுக்கலாம். இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். ஜாக்கில் வைத்தால் தகடு விலகினாலும் விலகாவிட்டாலும் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுச் சுருளே ஒரு ஓமுக்கும் குறைவு. நான் ஒரு மாலை முழுவதும் அந்தப் பூஜ்யத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கண்ணால் பாருங்கள். ஆனால் சேசிஸைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, வடிந்ததா என்று அளந்துவிடுங்கள். அணைத்த பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கலாம். வடிக்கத் தெரியாவிட்டால் திறக்கவே வேண்டாம்.

தகடு அழுக்கா? தொடுமுனைத் துப்புரவுத் திரவத்தில் நனைத்த காகிதக் கீற்றை இடையில் விட்டு இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். எனக்கு அதைப் பார்ப்பதே தனி ஆனந்தம்.

[காட்சி: கையில் கழற்றிய பிளக்]

ஸ்பீக்கர் கேபிளை மட்டும் தனியே கழற்றி அளந்தால் மீட்டர் பொய் சொல்லாது. 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஸ்பீக்கர் சுருள் போய்விட்டது.

கூடுதல் ஸ்பீக்கர் சேர்த்தால் ஓம் குறையும்: எட்டும் எட்டும் இணையாகச் சேர்ந்தால் நான்கு.

கிதார் கேபிளையே ஸ்பீக்கருக்கும் போட்டிருப்பவர்கள் கமெண்டில் கையை உயர்த்துங்கள், திட்டமாட்டேன். மெல்லிய உள்கம்பி அது. பாதிப் பாட்டில் அறுந்தால் மேலே சொன்ன கதவு திறந்துவிடும், பிளக் உள்ளேயே இருப்பதால் தகடும் காப்பாற்ற வராது. முதலில் ஆம்பை அணைத்து, அதைக் கழற்றிவிட்டு வந்து எழுதுங்கள்.